நூற்றிருபதாவது நாள்

ஜனக்புரி
18 ஜூலை 2025

பிரிவு அதிகாரி திரு. இரா. இராஜமாணிக்கம் அவர்களுக்கு,

நீங்கள் கையெழுத்திட்ட நோட்டீஸ் நேற்று மாலை கல்லூரியில் என்னிடம் கொடுக்கப்பட்டது. பிரின்சிபல் மேடம் அதை நேரில் தராமல் பியூனிடம் கொடுத்தனுப்பினார். அதில் உள்ளதை நீங்கள் படித்துத்தான் கையெழுத்துப் போட்டீர்களா என்ற சந்தேகத்தில் இங்கே எழுதுகிறேன். மே 15ஆம் தேதி நான் பணியில் இல்லாத நிலையில் தேர்வு அறைக்குள் நுழைந்தேனாம். ஆசிரியை என்று காட்டிக்கொண்டேனாம். ஒரு மாணவனின் விடைத்தாளைப் பறித்தேனாம். இதற்கு ஒரு மாதத்தில் விளக்கம் தர வேண்டும். விளக்கம் திருப்தியாக இல்லாவிட்டால் செப்டம்பர் 11க்குப் பிறகு எனக்கு உத்தரவு கிடையாது.

பதினோரு வருஷமாக நான் அந்தக் கல்லூரியில் புள்ளியியல் நடத்துகிறேன். தற்காலிக ஆசிரியை. உங்கள் ஆபீசிலிருந்து நூற்றுப் பத்தொன்பது நாளுக்கு ஓர் உத்தரவு வரும். நூற்றிருபதாவது நாள் நான் யாரும் இல்லை. அதற்கு மறுநாள் மறுபடியும் நூற்றுப் பத்தொன்பது நாள் ஆசிரியை. என்னோடு சேர்த்து அங்கே முப்பத்தொன்பது பேர் இப்படி. நிரந்தரமானவர்கள் இருபத்தைந்து பேர்.

மே 14ஆம் தேதியோடு என் உத்தரவு முடிந்தது. மறுநாள் தேர்வு. அறைகளுக்குக் கண்காணிப்பாளர் போதவில்லை. மேடமே போன் செய்தார். "ஏக் தின் கீ தோ பாத் ஹை, உஷா. ஆ ஜாயியே." ஒரே ஒரு நாள்தானே, வந்துவிடுங்கள் என்றார். எல்லா வருஷமும் சொல்வதுதான். போனேன். மூன்றாவது வரிசையில் ஒருவன் காதில் பட்டாணி அளவுக்கு ஒரு கருவி வைத்துக்கொண்டு யாரோ சொல்லச் சொல்ல எழுதிக்கொண்டிருந்தான். பிடித்தேன். அறிக்கை எழுதினேன். அவன் அப்பாவின் வக்கீல் என் தப்பைத் தேடவில்லை, தேதியைத் தேடினார். இப்போது என் அறிக்கை செல்லாது. பையன் எழுபத்தெட்டு மதிப்பெண் வாங்கித் தேறிவிட்டான். குற்றவாளி நான். மேடத்தைக் கேட்டால், தான் போன் செய்ததே ஞாபகம் இல்லையாம்.

அண்ணே, கல்யாணத்துக்குப் பிறகு என் பெயருக்கு முன்னால் எழுத்து மாறிவிட்டது, சரி. ஆனால் உஷாராணி, புள்ளியியல் துறை என்று இருந்தால் உனக்குத் தெரியாதா? உன் பேனா ஒரு நிமிஷம் கூட நிற்கவில்லையா?

ஒரே ஒரு கேள்வி. நூற்றிருபதாவது நாள் நான் ஆசிரியை இல்லை என்று எந்த உத்தரவு சொல்கிறது? யார் போட்டது, என்றைக்குப் போட்டது? அந்தக் காகிதத்தை எனக்குக் காட்டு. உன் போனை பிளாக் செய்துவிட்டேன். பேசினால் என்னைச் சமாதானப்படுத்திவிடுவாய். எழுதிப் பதில் சொல். உன் ஆபீசில் எழுத்தில் இருப்பதுதானே உண்மை?

உஷாராணி


லோதி ரோடு
25 ஜூலை 2025

அன்புள்ள உஷாவுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. ஆரம்பத்தில் 'நீங்கள்' என்று போட்டிருக்கிறாய். கடைசியில் 'நீ'க்கு வந்துவிட்டாய். அந்த மட்டில் எனக்கு நிம்மதி.

அந்தக் கையெழுத்தை நான் பெயர் பார்த்துத்தான் போட்டேன். பொய் சொல்ல மாட்டேன். ஃபைல் மேலே இருந்து வந்தது. "ஜல்தி", சீக்கிரம் என்று மார்ஜினில் எழுதியிருந்தார்கள். நான் போடாவிட்டால் பக்கத்து அறை ஆள் போட்டிருப்பார். அவர் பதினைந்து நாள்தான் கொடுத்திருப்பார். உனக்கு ஒரு மாதம் கிடைத்தது எப்படி என்று யோசித்துப் பார்.

நீ ஏன் அன்றைக்குப் போனாய் என்றுதான் எனக்குப் புரியவில்லை. உத்தரவு முடிந்தது என்றால் முடிந்தது. மேடம் வாயால் சொன்னார் என்பது எங்கேயும் நிற்காது. எழுதித் தரச் சொல்லியிருக்க வேண்டும். பதினோரு வருஷம் வேலை பார்த்தும் உனக்கு இது தெரியவில்லை.

இத்துடன் ஒரு மன்னிப்புக் கடிதத்தின் நகல் வைத்திருக்கிறேன். உன் பெயரை மட்டும் நிரப்பிக் கையெழுத்துப் போட்டு அனுப்பு. 'அறியாமையால் நேர்ந்தது, இனி நேராது' என்று இரண்டே வரி. அது வந்த அன்றே ஃபைலை மூடிவிடுகிறேன். செப்டம்பரில் உத்தரவு வரும். நீ பாடம் நடத்து, அவன் எங்கேயோ போய்த் தொலையட்டும்.

நீ கேட்ட காகிதம் எங்கேயாவது இருக்கும். எல்லா உத்தரவுக்கும் ஒரு மூலம் உண்டு. அதைத் தேடிக்கொண்டிருப்பது உன் வேலை இல்லை.

என் பெண்ணுக்குத் தமிழ் படிக்க வராது என்பதால் உன் கடிதம் மேஜை மேலேயே கிடந்தது. உன் மதினி எடுத்துப் படித்துவிட்டாள். "ஏங்க, சொந்தத் தங்கச்சிக்கு நீங்களே நோட்டீஸ் குடுத்தீகளாக்கும்?" என்று கேட்டதோடு சரி. மூன்று நாளாக என்னோடு பேசவில்லை. இந்த வீட்டில் எனக்கு இருந்த ஒரே ஆதரவையும் நீ பிடுங்கிக்கொண்டாய்.

மாப்பிள்ளை சுரேஷ்குமாரிடம் இதைக் காட்டாதே. அவர் பேங்க் யூனியன் ஆள். உன்னை ஏற்றிவிடுவார்.

அண்ணன்
இராஜமாணிக்கம்


ஜனக்புரி
10 ஆகஸ்ட் 2025

அண்ணனுக்கு,

நேற்று ராக்கி. வாங்கி வைத்திருந்தேன், அனுப்பவில்லை. டில்லியில் பிறந்த பழக்கம், ஆறு வயதிலிருந்து உன் கையில் கட்டியிருக்கிறேன். இந்த வருஷம் மனசு வரவில்லை.

உன் மன்னிப்புக் கடிதத்தைக் கிழிக்கவில்லை. அதன் பின்பக்கத்தில் புள்ளியியல் சமன்பாடு ஒன்றைப் போட்டு வகுப்பில் காட்டினேன். நல்ல கனமான தாள்.

அறியாமையால் நேர்ந்ததா? எதை அறியாமல்? அவன் காதில் இருந்ததை அறியாமலா? அண்ணே, பதினோரு வருஷத்தில் எனக்கு முப்பத்து மூன்று முறை நூற்றிருபதாவது நாள் வந்திருக்கிறது. அதில் இருபத்தாறு நாள் நான் கல்லூரியில்தான் இருந்தேன். அட்டவணை எனக்காக நிற்காது. மறுநாள் தேர்வு என்று பிள்ளைகள் வாசலில் நிற்பார்கள். அந்த நாட்களில் நடத்திய பாடத்துக்குப் பெயர் என்ன? அன்றைக்கு என்னிடம் படித்துத் தேறியவர்களின் பட்டத்தை எல்லாம் திருப்பி வாங்கப் போகிறீர்களா?

என் மகன் பிறந்தது ஓர் உத்தரவின் தொண்ணூறாவது நாளில். மகப்பேறு விடுப்பு நூற்றுப் பத்தொன்பதாவது நாளோடு தீர்ந்துபோனது. முப்பது நாள் குழந்தையை மாமியாரிடம் விட்டுவிட்டு மெட்ரோவில் போனேன். போகாவிட்டால் அடுத்த உத்தரவில் வேறு பெயர் இருந்திருக்கும். அப்போது உன்னிடம் சொல்லி அழுதேன். "சலோ, ஆகிறது" என்றாய், போகட்டும், எல்லோருக்கும் நடப்பதுதானே என்பது போல. அந்த இரண்டு வார்த்தையை நான் மறக்கவில்லை.

இன்னொன்று. உத்தரவின் நான்காவது பத்தியை நீ என்றைக்காவது படித்திருக்கிறாயா? நூற்றிருபதாவது நாள் வளாகத்துக்குள் வரக் கூடாது என்பது முதல் வரி. இரண்டாவது வரி, 'வழங்கப்பட்ட சாமான்களைக் கழுவித் துடைத்து நல்ல நிலையில் ஒப்படைக்க வேண்டும்.' எங்களுக்கு வழங்கப்பட்டது ஓர் அடையாள அட்டையும் ஓர் அலமாரிச் சாவியும். இயற்பியல் துறை ஸ்வப்னாவும் தற்காலிகம்தான். அவள் ஒவ்வொரு முறையும் அடையாள அட்டையைத் துப்பட்டாவில் துடைத்துவிட்டுக் கொடுப்பாள். நாங்கள் சிரிப்போம். இப்போது சிரிப்பு வரவில்லை.

காகிதத்தைத் தேடுவது என் வேலை இல்லை என்றாய். அதனால் அதை உன் வேலையாக்கிவிட்டேன். தகவல் உரிமைச் சட்டத்தில் நாளை விண்ணப்பம் அனுப்புகிறேன். உங்கள் ஆபீசில் தகவல் அதிகாரி யார் என்று பார்த்தேன். நீதான். முப்பது நாளில் பதில் வேண்டும்.

உஷா


லோதி ரோடு
19 ஆகஸ்ட் 2025

உஷாவுக்கு,

உன் விண்ணப்பம் பதிவேட்டில் ஏறி என் மேஜைக்கு வந்தது. சீல் குத்தியவன் "ஸார், யே மேடம் படி தேஸ் ஹை" என்று சிரித்தான். மேடம் ரொம்பச் சூடாம். நான் சிரிக்கவில்லை. நீ செய்தது சரியில்லை. வீட்டுச் சண்டையை ஆபீஸ் வரைக்கும் கொண்டுவந்துவிட்டாய். இந்த வருஷம் எனக்குப் பதவி உயர்வு வர வேண்டும். இருபத்தெட்டு வருஷம் ஒரு கறுப்புப் புள்ளி இல்லாமல் இருந்திருக்கிறேன்.

மகப்பேறு விஷயத்தில் நான் அப்படிச் சொன்னது எனக்கு ஞாபகம் இல்லை. நீ சொல்வதால் சொல்லியிருப்பேன். ஆகிறது என்று சொல்வது என் வாயில் ஊறிய வார்த்தை. எத்தனை பேரிடம் சொல்லியிருக்கிறேனோ.

தேட ஆரம்பித்தேன். நினைத்த மாதிரி இல்லை. இந்த வருஷ உத்தரவில் 'போன வருஷக் கடிதப்படி' என்று இருக்கிறது. போன வருஷக் கடிதத்தில் அதற்கு முந்தைய வருஷத்தின் எண். அதை எடுத்தால் அதற்கும் முந்தையது. மூன்று நாளாக மதியச் சாப்பாட்டு நேரத்தில் கீழே ரிக்கார்டு அறையில் நிற்கிறேன். தூசியில் தும்மல் நிற்கவில்லை. 2006 வரைக்கும் வந்துவிட்டேன். எந்தக் கடிதத்திலும் காரணம் இல்லை. 'நடைமுறைப்படி' என்ற ஒரு சொல்தான். எந்த அமைச்சகமும் கேட்டதாக இல்லை, எந்தக் கோர்ட்டும் சொன்னதாக இல்லை, எந்தக் குழுவும் பரிந்துரைத்ததாக இல்லை.

இதை அண்ணனாக எழுதுகிறேன். தகவல் அதிகாரியாக அல்ல. யாரிடமும் காட்டாதே. மூலம் இருக்கும், இன்னும் பழைய கட்டுகள் இருக்கின்றன. இருபத்தெட்டு வருஷமாக நான் படிக்காமலா கையெழுத்துப் போட்டேன் என்று நினைக்கும்போது எனக்கே கோபம் வருகிறது. உன் மேல்தான் கோபம் என்று முதலில் நினைத்தேன்.

ராக்கி வராதது உன் மதினிக்குத்தான் பெரிய குறை.

இராஜமாணிக்கம்


ஜனக்புரி
24 ஆகஸ்ட் 2025

அண்ணனுக்கு,

தும்மலுக்கு மிளகுக் கஷாயம் குடி. மதினிக்குத் தெரியும்.

உன் கடிதத்தை நான் யாரிடமும் காட்டவில்லை. ஆனால் என் பங்குக்கு ஒரு செய்தி. உயர்கல்வியின் தரத்தை உயர்த்துவதற்காக வெளியூர்ப் பேராசிரியர்கள் ஐந்து பேர் கொண்ட குழு எங்கள் கல்லூரிக்கு வருகிறது. அவர்கள் தரும் தரத்தைப் பொறுத்துத்தான் அடுத்த ஐந்து வருஷத்துக்கான திட்டங்கள். பெயின்ட் அடித்துக்கொண்டிருக்கிறார்கள். பத்து வருஷமாக ஓடாத ஆய்வகக் கணினிகளுக்குப் புது உறை வந்திருக்கிறது. நூலகத்தில் திருக்குறள் இந்தி மொழிபெயர்ப்பைக் கூடத் துடைத்து முன்னால் வைத்துவிட்டார்கள்.

நேற்று ஆசிரியர் கூட்டம். "சப்கோ ப்ரெஸென்ட் ரெஹ்னா ஹை" என்றார் மேடம். எல்லோரும் வந்தாக வேண்டும், அறுபத்து நான்கு பேரும் வகுப்பில் நிற்க வேண்டும், மாணவருக்கு இத்தனை ஆசிரியர் என்ற கணக்கு அப்போதுதான் சரியாக வருமாம். குழு வரும் தேதி செப்டம்பர் 12.

எண்ணிப் பார் அண்ணே. மே 16இலிருந்து நூற்றுப் பத்தொன்பது நாள் செப்டம்பர் 11. குழு வரும் அன்று நாங்கள் முப்பத்தொன்பது பேரும் யாரும் இல்லை.

நான் எழுந்து நின்று, எழுத்தில் தாருங்கள் மேடம் என்றேன். நீ சொல்லிக்கொடுத்ததுதான். அவர் தரவில்லை, தர முடியாது. தந்தால் மே 15க்கும் தந்ததாக ஆகிவிடும்.

கூட்டம் முடிந்து கேன்டீனில் உட்கார்ந்து பேசி முடிவு செய்தோம். நோட்டீஸ் எனக்கு வந்ததுதான், ஆனால் படித்துப் பயந்தவர்கள் முப்பத்தொன்பது பேர். ஆகவே சட்டப்படி நடப்பதென்று தீர்மானம். நான்காவது பத்திப்படி, 12ஆம் தேதி ஒருவர்கூட வளாகத்துக்குள் கால் வைக்கப் போவதில்லை.

உன் காகிதம் கிடைத்ததா?

உஷா


லோதி ரோடு
1 செப்டம்பர் 2025

அன்புள்ள உஷா,

கிடைத்துவிட்டது. நான்கு நாளாக எப்படி எழுதுவது என்று தெரியாமல் இருந்தேன். மூன்று முறை எழுதிக் கிழித்தேன். உன் மதினி, "நேருல போய்ச் சொல்லிட்டு வாங்களேன்" என்றாள். ஜனக்புரி மேற்கு ஸ்டேஷன் வரைக்கும் வந்தேன். பிளாட்பாரத்தில் கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டு அடுத்த வண்டியில் திரும்பிவிட்டேன்.

1998 ஜூலை. நான் வேலைக்குச் சேர்ந்து ஒரு வருஷம்கூட முடியவில்லை, கிளார்க். அப்போது நிரந்தர நியமனத்துக்குத் தடை. கல்லூரி திறந்துவிட்டது, ஆசிரியர்கள் இல்லை. தற்காலிகமாக எடுக்க ஒரு கடிதம் வேண்டும், மதியத்துக்குள் எழுதி வை என்றார் என் மேலதிகாரி. பழைய ஃபைல் எதையாவது பார்த்து எழுது என்றார். எங்கள் பழக்கம் உனக்குத் தெரியும். பழைய ஃபைல் இல்லாமல் நாங்கள் மழை பெய்கிறது என்றுகூட எழுத மாட்டோம். அலமாரியில் தேடினேன். தற்காலிக நியமனம் என்று இருந்தது ஒரே ஒரு ஃபைல்தான்.

அது கூலருக்குத் தண்ணீர் ஊற்றுபவரின் ஃபைல். அந்தோணி என்று பெயர், நாகர்கோவில் பக்கம். கோடையில் ஆபீஸ் ஜன்னல்களில் காற்றைக் குளிர்விக்கும் கூலர்களுக்கெல்லாம் பைப் பிடித்துத் தண்ணீர் ஊற்றுவார். ஏப்ரலிலிருந்து நூற்றுப் பத்தொன்பது நாள். வெயில் நீண்டால் ஒரு நாள் நிறுத்தி மறுபடி எடுப்பார்கள், நிரந்தரம் கேட்டுவிடக் கூடாது என்று. இடைப்பட்ட நாளில் வளாகத்துக்குள் வரக் கூடாது. வாளியையும் பைப்பையும் கழுவித் துடைத்து ஒப்படைக்க வேண்டும்.

நான் 'கூலர் பணியாளர்' என்று இருந்த இடத்தில் 'விரிவுரையாளர்' என்று போட்டேன். வாளி, பைப் என்பதை எடுத்துவிட்டுச் 'சாமான்கள்' என்று போட்டேன். மற்றதை அப்படியே டைப் செய்தேன். மேலதிகாரி பார்க்காமலே கையெழுத்துப் போட்டார். அச்சா என்று என் முதுகில் தட்டினார். அன்றைக்கு அப்பாவிடம் வந்து பெருமையாகச் சொன்னேன், ஒரு நாளில் முப்பது ஆசிரியர்களுக்கு வேலை வாங்கிக் கொடுத்தேன் என்று. அந்தோணியின் கடிதமும் என் கையெழுத்துப் பிரதியும் ஒரே நூலில் கட்டிக் கிடக்கின்றன. என் கையெழுத்துதான். சந்தேகமே இல்லை.

மூலம் நான்தான் உஷா. வேறு உத்தரவே இல்லை.

விண்ணப்பத்துக்கு என்ன பதில் எழுதுவது? 'ஆவணம் கிடைக்கவில்லை' என்று ஒரு வரி எழுதினால் முடிந்தது. தினம் பத்துப் பேருக்கு அப்படித்தான் எழுதுகிறோம், ஒருவரும் கேள்வி கேட்பதில்லை. உண்மையை எழுதினால் பதவி உயர்வு போகும். விளக்கம் கேட்பார்கள். நீ என் தங்கை என்பதும் தெரிந்துபோகும். இருபத்தேழு வருஷத்தில் எத்தனை ஆசிரியர்கள் என்று கணக்கிடப் பயமாக இருக்கிறது.

நீ என்ன சொல்கிறாய்?

அண்ணன்


ஜனக்புரி
5 செப்டம்பர் 2025

அண்ணே,

இன்று ஆசிரியர் தினம். பிள்ளைகள் பேனா, பூ, கையால் செய்த அட்டை எல்லாம் கொடுத்தார்கள். ஓர் அட்டையில் 'எங்கள் வாழ்க்கைக்கு விளக்கேற்றியவருக்கு' என்று எழுதியிருந்தது. வீட்டுக்கு வந்ததும் உன் கடிதம். பதினோரு வருஷமாக நான் கூலருக்குத் தண்ணீர் ஊற்றியிருக்கிறேன்.

முதலில் சிரித்தேன். சுரேஷ்குமார் பயந்துபோய்த் தண்ணீர் கொண்டுவந்தார். பிறகு எனக்கு வந்த கோபத்தை எழுதினால் இந்தத் தாள் தாங்காது. நான் முனைவர் பட்டம் வாங்க ஏழு வருஷம் ஆனது. கொசுக்கடியில், ஹாஸ்டல் சாப்பாட்டில், கண்ணாடி மாற்றி மாற்றிப் படித்தேன். ஸ்வப்னாவின் கட்டுரையை ஜெர்மனியில் பாடமாக வைத்திருக்கிறார்கள். எங்களை எப்படி நடத்துவது என்று இந்த ஊரில் ஒருவராவது ஒரு நிமிஷம் யோசித்திருப்பார்கள் என்று நினைத்திருந்தேன். தவறான யோசனையாவது இருக்கும், சண்டை போடலாம் என்று காத்திருந்தேன். யோசிக்கவே இல்லை. மதியத்துக்குள் வேண்டும் என்பதற்காக ஒரு வாளியின் மேல் எங்கள் பெயரை ஒட்டினீர்கள். இருபத்தேழு வருஷத்தில் எத்தனை துணைவேந்தர், எத்தனை செயலாளர், எத்தனை கல்விக் கொள்கை. கழுவித் துடைத்து என்ற வரியைக்கூட ஒருவரும் படிக்கவில்லை.

அந்தோணிக்கு மட்டும் அது சரியா? அதையும் கேட்கிறேன். வெயிலில் நின்றவரை ஒரு நாள் வெளியே தள்ளி, நீ நேற்றுவரை இங்கே இல்லை என்று சொல்ல யாருக்கு உரிமை? அவர் இப்போது எங்கே இருக்கிறார்?

இருபத்துநான்கு வயதில் நீ செய்ததை நான் மன்னித்துவிட்டேன். அப்போது உனக்குத் தெரியாது. ஐம்பத்தொரு வயதில் ஜூலை மாதம் என் பெயரைப் பார்த்துக் கையெழுத்துப் போட்டாயே, அதை மன்னிக்க எனக்கு இன்னும் மனசு இல்லை.

என்ன எழுதுவது என்று என்னைக் கேட்காதே. பொய் எழுது என்று தங்கை சொல்ல மாட்டாள். பதவியை விடு என்று சொல்லவும் எனக்கு வாய் வரவில்லை. கேள்வி என்னுடையது. பதில் உன்னுடையது. 13ஆம் தேதியோடு முப்பது நாள் முடிகிறது.

உஷா


லோதி ரோடு
12 செப்டம்பர் 2025

உஷா,

உள்ளே இருப்பது பதிலின் நகல். அசல் இன்று காலை ஸ்பீடு போஸ்டில் போய்விட்டது. அனுப்பிய பிறகு நான் மாற்ற முடியாது என்பதால்தான் முதலில் அதை அனுப்பினேன். ஆங்கிலத்தில் எழுதியதை உனக்காகத் தமிழில் எழுதியிருக்கிறேன். வீட்டில் எல்லோருக்கும் படித்துக் காட்டு.

பெறுநர்: முனைவர் உஷாராணி, புள்ளியியல் துறை.

கேள்வி 1: தற்காலிக ஆசிரியர்களை நூற்றிருபதாவது நாள் பணியிலிருந்து விலக்கும் உத்தரவின் நகல். பதில்: அப்படி ஓர் உத்தரவு இல்லை. என்றைக்கும் இருந்ததில்லை.

கேள்வி 2: உத்தரவு இல்லையெனில் இந்த நடைமுறையின் மூலம். பதில்: ஜூலை 1998இல், கூலருக்குத் தண்ணீர் ஊற்றும் பணிக்கான நியமனக் கடிதத்தைப் பார்த்து எழுதப்பட்டது. இரண்டு கடிதங்களின் நகலும் இணைக்கப்பட்டுள்ளன.

கேள்வி 3: அதை எழுதியவர் பெயர், பதவி. பதில்: இரா. இராஜமாணிக்கம், அப்போது கிளார்க், இப்போது கீழே கையெழுத்திடும் தகவல் அதிகாரி. மனுதாரர் இவருடைய உடன்பிறந்த தங்கை. மே 15ஆம் தேதி அவர் ஆசிரியை இல்லை என்று ஜூலை 16ஆம் தேதி நோட்டீசில் கையெழுத்திட்டவரும் இவரே. அந்த நோட்டீசுக்கு அடிப்படை எதுவும் பதிவேட்டில் இல்லை.

இந்த முறை முழுவதும் படித்துவிட்டுத்தான் கையெழுத்துப் போட்டேன்.

அந்தோணியை விசாரித்தேன். 2011 கோடை வரைக்கும் வந்திருக்கிறார். பிறகு ஆபீசுக்கு ஏசி வந்துவிட்டது. ஊருக்குப் போனாரா, இங்கேதான் எங்காவது இருக்கிறாரா, யாருக்கும் தெரியவில்லை. பதிவேட்டில் கடைசி வரி, வாளி ஒன்று, பைப் ஒன்று, நல்ல நிலையில்.

அண்ணன்


ஜனக்புரி
20 செப்டம்பர் 2025

அன்புள்ள அண்ணனுக்கு,

பன்னிரண்டாம் தேதி நடந்ததை நேரில் பார்த்தவள் எழுதுகிறேன். கல்லூரி கேட்டுக்கு வெளியே பராட்டா வண்டி நிற்கும் இடத்தில் மதில் ஓரமாக முப்பத்தொன்பது பேரும் வரிசையாக உட்கார்ந்திருந்தோம். கோஷம் இல்லை, தட்டி இல்லை. கையில் உத்தரவு மட்டும். உள்ளே இருபத்தைந்து பேர் வகுப்பு வகுப்பாக ஓடிக்கொண்டிருந்தார்கள். குழு முன்னால் போனால் பின்வழியாக அடுத்த வகுப்பில் போய் நின்றார்களாம். மூன்றாவது வகுப்பிலும் அதே முகத்தைப் பார்த்த பிறகு குழுத் தலைவர் வெளியே வந்தார். வயதானவர், ஒல்லி. நீங்கள் எல்லாம் யார் என்று கேட்டார்.

ஸ்வப்னா எழுந்தாள். "ஆஜ் ஹம் கோயி நஹீன் ஹைன், ஸர்." இன்றைக்கு நாங்கள் யாரும் இல்லை என்றாள். "கல் ஸே டீச்சர் ஹைன்." நாளையிலிருந்து ஆசிரியர்களாம்.

என் உத்தரவை வாங்கி நின்றபடியே படித்தார். நான்காவது பத்தியில் நின்றுவிட்டார். எந்தச் சாமான்களை அம்மா கழுவித் துடைக்க வேண்டும் என்று கேட்டார். வாளியும் பைப்பும் சார் என்றேன். முழுக் கதையையும் சொன்னேன். உன் பெயரைச் சொல்லவில்லை, அப்போது உன் பதில் எனக்கு வந்து சேரவில்லை. அவர் சிரிக்கவில்லை. தன் கல்லூரியிலும் இதே பத்தி இருக்கிறது என்று மட்டும் சொன்னார்.

பதினைந்தாம் தேதி உன் பதில் வந்தது. பதினேழாம் தேதி என் மேல் இருந்த நோட்டீசைத் திரும்பப் பெற்றார்கள். அந்தப் பையனின் எழுபத்தெட்டு மட்டும் அப்படியே இருக்கிறது. உனக்கு மெமோ வந்ததையும் பதவி உயர்வு நின்றதையும் மதினி போனில் சொன்னாள். உன் நம்பரை அன்பிளாக் செய்துவிட்டேன். ஆனால் இதை எழுதித்தான் சொல்ல வேண்டும்.

நேற்று புது உத்தரவு வந்தது. செப்டம்பர் 13இலிருந்து நூற்றுப் பத்தொன்பது நாள். நான்காவது பத்தி அப்படியே இருக்கிறது, கழுவித் துடைத்து உள்பட. ஒரே ஒரு மாற்றம். இத்தனை வருஷம் 'போன வருஷக் கடிதப்படி' என்று இருந்த இடத்தில் இப்போது ஒரு புது எண்ணும் தேதியும் இருக்கின்றன. '12.9.2025 தேதியிட்ட, தகவல் அதிகாரியின் கடிதத்தில் உறுதிசெய்யப்பட்டபடி, 1998 முதல் உள்ள நடைமுறையின்படி.'

உன் பதில்தான் அண்ணே. இல்லை என்று நீ எழுதிக் கொடுத்ததை ஆதாரமாகக் காட்டியிருக்கிறார்கள். யாரோ ஒரு கிளார்க், மதியத்துக்குள் வேண்டும் என்றிருப்பார்கள், உன் கடிதத்தின் எண்ணை மட்டும் பார்த்து டைப் செய்திருக்கிறான்.

நான் கையெழுத்துப் போடவில்லை. ஸ்வப்னாவும் போடவில்லை. முப்பத்தொன்பது பேரில் முப்பத்தொரு பேர் போடவில்லை. மற்ற எட்டுப் பேர் மேல் எனக்குக் கோபம் இல்லை, அவர்கள் வீட்டு நிலைமை எனக்குத் தெரியும். திங்கட்கிழமை கோர்ட்டுக்குப் போகிறோம். அந்தோணியின் கடிதம் முதல் ஆவணம், உன் பதில் இரண்டாவது. சாட்சி சொல்லக் கூப்பிட்டால் வருவாயா? அன்றைக்கு நீ எந்த உத்தரவில் இருக்கிறாய் என்று பார்த்துக்கொண்டு வா. வக்கீல்கள் தேதியைத்தான் தேடுவார்கள்.

ஜூலைக் கையெழுத்துக்கு என் மனசு இன்னும் முழுசாக ஆறவில்லை. ஆனால் இத்துடன் ராக்கி வைத்திருக்கிறேன். ஆகஸ்டில் வாங்கியது, ஜரிகை கொஞ்சம் மங்கிவிட்டது. மதினியைக் கட்டிவிடச் சொல். நடுவில் வந்த நாட்களை இடைவெளி என்று எங்கேயும் எழுதாதே. அந்த நாட்களிலும் நான் உன் தங்கையாகத்தான் இருந்தேன்.

உஷா